ஒன்பதாவது கட்டம்

ஆகஸ்ட் 4, திங்கள்

என் மேஜைக்கு இன்று ஒரு டிவி வந்தது. சினிமா ஓடாத டிவி. திரையை ஒன்பது கட்டமாகப் பிரித்து விடுதி முழுவதையும் காட்டுகிறது. முதல் கட்டத்தில் வாசல். அப்புறம் மூன்று மாடி வராந்தாக்கள், மெஸ், படிக்கட்டு, பின்கேட், சைக்கிள் ஸ்டாண்டு. ஒன்பதாவதில் பெண்கள் துணி காயப்போடும் மொட்டை மாடி. பல்கலைக்கழகம் முழுக்க இப்படிக் கேமரா வைத்திருக்கிறார்களாம். வேப்பமரத்தடியைக்கூட விடவில்லை.

வார்டன் ஹேமலதா மேடம் எல்லோர் முன்னாலும் சொன்னார்: "ஆச்சி மேஜையிலயே இருக்கட்டும். அவங்க கண்ணுக்கு ஒண்ணும் தப்பாது."

நானூறு பெண்கள் போவதும் வருவதும் எழுதுகிற நோட்டு ஏழு வருஷமாக இந்த ஆவுடையம்மாள் கையில்தான் இருக்கிறது. அஞ்சாம் வகுப்புதான் படித்தேன். ஒரு அடித்தல் திருத்தல் யாராவது காட்டட்டும் பார்க்கலாம்.

டிவி மாட்ட வந்தவரிடம் சொன்னேன், என் பேத்தியும் இங்கேதான் படிக்கிறாள் என்று. மு. சிவரஞ்சனி, எம்.எஸ்சி. இயற்பியல், முதல் வருஷம், அறை எண் 214. அவர் ஒயரைப் பல்லால் கடித்துக்கொண்டே தலையாட்டினார். பதிவு முப்பது நாள் இருக்கும், அப்புறம் பழையது தானாக அழிந்து புதியது ஏறும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆகஸ்ட் 7, வியாழன்

டிவி நல்ல துணை. ரஞ்சனி மெஸ்ஸுக்குப் போவது, புத்தகத்தைக் கட்டிக்கொண்டு படியிறங்குவது எல்லாம் தெரிகிறது. முகம் தெளிவாக விழாது. எனக்கு முகம் வேண்டாம். ஏழு வயதில் சைக்கிள் சக்கரத்தில் இடது கால் மாட்டியதிலிருந்து அந்தப் பெருவிரலை ஊன்றாமல்தான் நடப்பாள். ஆயிரம் பேர் நடந்தாலும் என் பேத்தி நடையை நான் பிரித்தெடுப்பேன்.

காலையில் இரண்டு இட்லிதான் தின்றாள். சாயங்காலம் கேட்டேன். முறைத்தாள்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமைகளில் என் அறைக்கு வந்து தலை பின்னிக்கொள்வாள். விடுதிக்குப் பின்னால்தான் என் அறை. இன்று பின்னவிடாமல் திரும்பி உட்கார்ந்தாள்.

"எத்தன இட்லி தின்னேன்னு கேக்கீங்க. யார்கூட சிரிச்சேன்னு கேக்கீங்க. நான் ஹாஸ்டல்ல இருக்கேனா, உங்க மடியில இருக்கேனா ஆச்சி?"

"மடியில இருந்தா என்னட்டி குறைஞ்சுபோச்சு?"

"என்னை விடுங்க. அந்த மாடிக் கேமரா? எங்க துணி பூரா அதுல தெரியுது. உங்க மேஜைக்கு எத்தன ஆம்பளைங்க வாராங்க, சொல்லுங்க. தண்ணிக் கேன் போடுறவர், எலக்ட்ரீசியன், வாட்ச்மேன்."

"துணிதானட்டி. வேற என்னத்தக் கண்டாங்க?"

சீப்பை என் கையிலிருந்து வாங்கினாள். பிறகு தானே பின்னிக்கொண்டாள். கோணல் வகிடு.

ஆகஸ்ட் 13, புதன்

மாடிக் கேமராவை எடுக்கச் சொல்லி ரஞ்சனியும் அவள் அறைத்தோழி ஜெர்லினும் மனு எழுதி, அறுபது பேரிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்தார்கள். எல்லாம் உங்கள் பாதுகாப்புக்குத்தான் என்று வார்டன் மேடம் மனுவை வாங்கி வைத்துக்கொண்டார்.

ஜெர்லின் சாத்தான்குளத்துப் பக்கம். பெந்தகொஸ்தே சபைக்காரர்கள். பொட்டு கிடையாது, கம்மல் கிடையாது, ஆனால் சிரிப்பு நிறைய. எனக்கு முழங்கால் பிடித்துக்கொண்டபோது பத்து நாள் மெஸ்ஸிலிருந்து டீ எடுத்து வந்து கொடுத்தவள். கண்ணாடித் துண்டு வைத்துத் தைத்த மயில்கழுத்துக் கலர் ஷால் ஒன்று வைத்திருக்கிறாள். ஒரு நாள் அவள் தோளில் இருக்கும், மறுநாள் ரஞ்சனி தோளில். இந்தப் பெண்களுக்கு உன்னுடையது என்னுடையது என்பதே கிடையாது. வாரத்துக்கு மூன்று பேர் அந்த ஷாலைப் போட்டுக்கொண்டு என் நோட்டில் கையெழுத்துப் போடுவார்கள்.

வாட்ச்மேன் சங்கரபாண்டி இன்றும் மேஜைப் பக்கம் வந்து நின்றார். பேனா கேட்டார். கொடுத்தேன். கண் ஒன்பதாவது கட்டத்தில் இருந்தது. எழுத ஒன்றும் இல்லை அவருக்கு. நான் நோட்டைப் புரட்டுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

ஆகஸ்ட் 18, திங்கள்

சாயங்காலம் ஐந்தே காலுக்கு ஒன்பதாவது கட்டம் இருட்டானது. மற்ற எட்டும் நன்றாக இருந்தன. செக்யூரிட்டி ஆபீசர் மாடிக்கு ஏறிப்போனார். இறங்கி வரும்போது கையில் ஒரு சின்ன பிளாஸ்டிக் கவர்.

"கேமரா கண்ணுல பொட்டு வச்சிருக்காங்க மேடம்."

வராந்தாவில் நின்ற பெண்கள் எல்லாம் கொல்லென்று சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. கவரை மேஜைமேல் வைத்தார். பார்த்தேன். பெரிய வட்டம், அரக்கு நிறம். இந்தக் காலத்துப் பிள்ளைகள் வைக்கிற கடுகுப் பொட்டு இல்லை.

பிறகு நான் சிரிக்கவில்லை.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

பதிவைப் போட்டுப் பார்த்தார்கள். என் மேஜையில்தான். வார்டன் மேடமும் ஆபீசரும் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார்கள்.

நேற்று ஐந்து பத்துக்கு இரண்டாம் மாடி வராந்தாவில் ஒரு பெண் போகிறாள். முதுகுதான் தெரிகிறது. தலையோடு ஷால் போர்த்தியிருக்கிறாள். கையில் சிவப்பு பிளாஸ்டிக் ஸ்டூல். மாடிப்படிக்குத் திரும்பி மறைகிறாள். படிக்கட்டிலும் ஷால் மூடிய தலைதான்; மொட்டை மாடியில் கேமராவுக்குப் பின்னாலிருந்து ஒட்டியிருக்கிறாள், ஆள் விழவில்லை. அவ்வளவுதான். மூன்று தடவை ஓட்டினார்கள்.

"யாருன்னு தெரியுதா ஆச்சி?" என்றார் மேடம்.

நான் கண்ணாடியைத் துடைத்தேன்.

"அந்த ஷால் யாரோடது? அதாவது தெரியுதா?"

"ஷால் ஜெர்லினோடது."

ஷாலைக் கேட்டார்கள். ஷாலைச் சொன்னேன். அதில் பொய் ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் 20, புதன்

ஜெர்லினைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். "நான் இல்ல மேடம்" என்று மட்டும் சொன்னாளாம். அப்படியானால் ஷாலை யார் போட்டிருந்தது என்று கேட்டதற்கு வாயே திறக்கவில்லையாம். ஆச்சி அடையாளம் சொல்லியிருக்கிறார், அவர் கண் தப்பாது என்று மேடம் அவளிடமே சொன்னாராம்.

விசாரணை முடிகிற வரைக்கும் வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். அவள் அப்பா பஸ்ஸில் வந்து அழைத்துப் போனார். ஒல்லியான மனிதர், வெள்ளைச் சட்டை. யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

என் நோட்டில் அவள் கையெழுத்துப் போட்டாள். காரணம் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று நின்றாள். பேனாவை வைத்துவிட்டுப் போய்விட்டாள். ஏழு வருஷத்தில் என் நோட்டில் காலியாக விழுந்த முதல் கட்டம் அது.

மெஸ் செல்வி காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள்: "ஏன் ஆச்சி, பொட்டே வைக்காத புள்ள பொட்டுக்கு எங்கன போகும்? அவ வீட்டுக்குள்ள பொட்டுப் பாக்கெட்டே வராதே."

"கடையில கிடைக்காதா" என்றேன்.

"கிடைக்கும் கிடைக்கும்" என்று சொல்லி என் நெற்றியைப் பார்த்தாள். எப்போதும் பார்க்கிறதுதான். வீட்டுக்காரர் போன பிறகும் நான் பொட்டை விடவில்லை. நாத்தனார் கேட்டபோது, சின்னப் பிள்ளையிலிருந்து வைக்கிற பொட்டு, உன் அண்ணன் வாங்கித் தந்ததில்லை என்று முகத்துக்கு நேரே சொன்னவள் நான். அதனால் ஊரே என் நெற்றியைப் பார்க்கும்.

ஆகஸ்ட் 21, வியாழன்

பொட்டு அட்டையை எடுத்து எண்ணினேன். ஏழு இருக்கிறது. எட்டு இருக்க வேண்டும். எங்காவது விழுந்திருக்கும்.

ஆகஸ்ட் 23, சனி

ரஞ்சனி வந்தாள். சாப்பிடவில்லை. ஏதோ சொல்ல வந்தாள். பேசவிடவில்லை. அனுப்பிவிட்டேன்.

ஆகஸ்ட் 30, சனி

தைலம் தீர்ந்துவிட்டது. மெஸ்ஸில் கேஸ் இல்லாமல் மத்தியானம் தயிர்சாதம் மட்டும். புது அலமாரிக்குச் சாவி சேரவில்லை.

ரஞ்சனி போகும்போதும் வரும்போதும் நோட்டில் கையெழுத்துப் போடுகிறாள். மற்றவர்கள் போடுகிற மாதிரி. ஞாயிற்றுக்கிழமை தலை பின்ன வருவதில்லை.

ஒன்பதாவது கட்டம் மறுபடியும் பளிச்சென்று தெரிகிறது. கொடியில் ஒரு துணி இல்லை. எல்லோரும் அறைக்குள் ஃபேனுக்கு அடியில் காயப்போடுகிறார்கள். ஈர வாடை வராந்தா வரைக்கும் வருகிறது. வெறும் கயிறு ஆடுவதைச் சங்கரபாண்டி இப்போது வந்து பார்ப்பதில்லை.

பெண்கள் என் மேஜையைக் கடக்கும்போது பேச்சை நிறுத்துகிறார்கள்.

செப்டம்பர் 6, சனி

விசாரணைக் கமிட்டி சொல்லிவிட்டதாம். தப்பை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கடிதம் எழுதினால் ஜெர்லினைச் சேர்த்துக்கொள்வார்கள். பத்தொன்பதாம் தேதிக்குள் எழுதவில்லை என்றால் டி.சி.

நல்லதாகப் போயிற்று. ஒரு கடிதம்தானே. எழுதிவிட்டு வந்து படிக்கலாம்.

செப்டம்பர் 10, புதன்

எழுதமாட்டேன் என்று சொல்லிவிட்டாளாம். செய்யாததைச் செய்தேன் என்று எழுதினால் ஆண்டவர் முன்னால் எப்படி நிற்பேன் என்று கேட்டாளாம். வார்டன் மேடம் போனை வைத்துவிட்டு, "திமிர் பிடிச்ச பொண்ணு" என்றார். நான் நோட்டில் அடுத்த பக்கத்துக்குக் கோடு போட்டேன்.

செப்டம்பர் 12, வெள்ளி

பதினேழாம் தேதியோடு முப்பது நாள். அந்தப் பதிவு அழிந்துவிடும்.

செப்டம்பர் 14, ஞாயிறு

இன்னும் மூன்று நாள்.

செப்டம்பர் 17, புதன்

இன்று மத்தியானம் ஜெர்லினுடைய சாமான்களைக் கட்டி வைக்கச் சொன்னார்கள். சனிக்கிழமை அவள் அப்பா வந்து எடுத்துப்போவாராம். 214-க்கு நான்தான் போனேன். மூன்று வருஷமாக மாடி ஏறாத முழங்கால், இரண்டாம் மாடிக்கு நின்று நின்று ஏறியது.

ரஞ்சனி தன் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். நான் ஜெர்லின் அலமாரியைத் திறந்து துணிகளை மடிக்க ஆரம்பித்தேன். அந்த ஷால் வந்தது கையில். மடித்தேன்.

"அவளுக்குத் தெரியும் ஆச்சி" என்றாள் ரஞ்சனி. ஒரு மாதத்துக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் பேச்சு.

"என்னத்த?"

"அன்னைக்கு அந்த ஷாலை யாருக்குக் குடுத்தான்னு அவளுக்குத் தெரியாதா? என் கையில குடுத்ததே அவதான். கேட்டப்ப வாயைத் திறக்கல பாத்தீங்களா. நீங்க சொன்னீங்க. அவ சொல்லல."

கண்ணாடித் துண்டுகள் என் விரலில் குத்தின. மடித்ததைப் பிரித்து மறுபடியும் மடித்தேன்.

எழுதாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன். இந்த நோட்டிலும் காலிக் கட்டம் வேண்டாம்.

ஆகஸ்ட் பத்தொன்பதாம் தேதி அந்தப் பதிவை முதல் தடவை ஓட்டியபோதே எனக்குத் தெரியும். இடது பெருவிரல் ஊன்றாத நடை. நான்கு அடி வைக்கும் முன்னாலேயே தெரியும். கண்ணாடியைத் துடைத்தது அழுக்கால் இல்லை. பொட்டு என் அட்டையிலிருந்து போனது என்பதும் கவரைப் பார்த்த நிமிஷமே தெரியும்.

ஆகஸ்ட் இருபத்துமூன்றாம் தேதி ரஞ்சனி சொல்ல வந்தது ஏதோ இல்லை. "நான்தான் ஆச்சி செஞ்சேன், மேடத்துக்கிட்டப் போய்ச் சொல்லப்போறேன்" என்று வந்தாள். அவள் கையை இழுத்து என் தலைமேல் வைத்து, சொல்லமாட்டேன் என்று சத்தியம் வாங்கினேன். "சொன்னே, நான் செத்தேன்னு நினைச்சுக்கோ" என்றேன். கையை உருவப் பார்த்தாள். பிடித்து அழுத்தினேன். என் தலையில் அடித்த சத்தியத்தை மீற அவளுக்குத் தைரியம் வராது. அது தெரிந்துதான் வாங்கினேன்.

எம்.எஸ்சி. இயற்பியல் என்று போகிற வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லி வைத்திருந்தேனே. அதைக் காப்பாற்ற ஒரு பெண்ணின் படிப்பை எடுத்துக் கொடுத்தேன். எனக்கு டீ கொண்டு வந்த கை அது.

அறையை விட்டு வருமுன் ரஞ்சனி கையைப் பிடித்து என் தலையில் வைத்தேன். எடுத்துவிட்டேன். "சத்தியம் போச்சு. நான் திருப்பி எடுத்துக்கிட்டேன்" என்றேன். சத்தியத்தைத் திருப்பி எடுக்க முறை உண்டா என்று தெரியாது.

அப்போதே கீழே இறங்கி மேடத்திடம் போயிருக்கலாம். போகவில்லை. காலையில் போகிறேன் என்று ரஞ்சனியிடம் சொன்னேன். இன்றுதான் முப்பதாவது நாள் என்று அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

செப்டம்பர் 18, வியாழன்

பத்து மணிக்கு வார்டன் அறை. ஆபீசரும் இருந்தார்.

"அன்னைக்கு நான் சொன்னது தப்பு மேடம். ஷால்தான் ஜெர்லினோடது. போட்டிருந்தது ஜெர்லின் இல்ல."

மேடம் ஆபீசரைப் பார்த்தார். ஆபீசர் வெளியே என் மேஜைக்குப் போய், டிவியைத் தட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

"பதிவு நேத்தோட அழிஞ்சுபோச்சு மேடம். இப்ப எதை வச்சு நம்புறது? ஆதாரம் இல்லையே ஆச்சி."

"அன்னைக்கு எதை வச்சு நம்புனீங்க? முகம் தெரிஞ்சுதா அதுல? என் வாயை வச்சுத்தானே ஒரு புள்ளைய வீட்டுக்கு அனுப்புனீங்க. இப்ப அதே வாய்தான் சொல்லுது."

"நாளைக்கு டி.சி. குடுக்கப்போற நேரத்துல வந்து..." என்று மேடம் ஆரம்பித்தார். "பாவம் பாக்கீங்களா ஆச்சி? பாவம் பாத்து விதியை மாத்த முடியாது."

மேஜையில் அந்த ஃபைல் இருந்தது. உள்ளே காகிதத்தில் அந்தக் கவரை ஸ்டேப்ளர் அடித்து வைத்திருந்தார்கள். நான் நெற்றியில் இருந்த பொட்டை உரித்தேன். கவருக்குப் பக்கத்தில் காகிதத்தில் ஒட்டினேன். இரண்டும் ஒரே அளவு, ஒரே நிறம். சிறியவர்கள் வைக்காத அளவு.

 என் நெற்றியில் காற்றுப் படுவது தெரிந்தது.

"அப்ப நீங்களா ஒட்டுனீங்க?" என்றார் ஆபீசர்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஷாலைச் சொன்ன மாதிரி பொட்டை மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடலாம். பொட்டு என்னுடையது, அதில் பொய் இல்லை.

மேடமே கெடுத்தார். "இவங்க ஸ்டூல் மேல ஏறுனாங்களா? ரெண்டு படி ஏற கைத்தாங்கல் வேணும் இவங்களுக்கு. யாரு ஆச்சி அது?"

சொன்னேன். எத்தனையோ பேரிடம் சொன்ன மாதிரியே, முழுசாக, வரிசையாக.

"மு. சிவரஞ்சனி. எம்.எஸ்சி. இயற்பியல். முதல் வருஷம். அறை எண் 214. என் பேத்தி."

கதவுக்கு வெளியே நின்றிருந்தாள் போலிருக்கிறது. உள்ளே வந்தாள்.

"நான்தான் மேடம். ஷால் ஜெர்லினோடது, பொட்டு ஆச்சியோடது, கை என்னோடது. எங்க உள்பாவாடைய வாட்ச்மேன் பாக்குறாருன்னு அறுபது பேர் எழுதிக் குடுத்தோம். நீங்க அதைப் படிக்கல."

மேடத்துக்கு முகம் சிவந்தது. "வாட்ச்மேன் பாத்தாருன்னு யாரு சொன்னா?"

"நான் பாத்தேன்" என்றேன். "அவர் பாக்குறதை நான் பாத்தேன். குனிஞ்சுக்கிட்டேன்."

செப்டம்பர் 20, சனி

ரஞ்சனிக்குப் பதினைந்து நாள் சஸ்பெண்ட். எழுதிக் கொடுத்ததில் கையெழுத்துப் போட்டாள். நடந்ததை மட்டும் எழுதினாள். மன்னிப்பு என்ற வார்த்தையை எழுதவில்லை. என் அறையில்தான் இருக்கிறாள். பேசுகிறாள், தேவைக்கு.

ஜெர்லின் திங்கட்கிழமை வரலாம் என்று கடிதம் போயிருக்கிறது. மொட்டை மாடிக் கேமராவைப் படிக்கட்டுக் கதவைப் பார்க்கத் திருப்பியிருக்கிறார்கள் என்று செல்வி சொன்னாள். நான் பார்க்க முடியாது. டிவியும் நோட்டும் இப்போது என்னிடம் இல்லை. மெஸ்ஸில் காய் நறுக்குகிறேன். இன்று ஒன்பது கிலோ சுரைக்காய்.

காலையில் வாசலில் எட்டிப் பார்த்தேன். என் நோட்டில் வேறு யாரோ எழுதுகிறார்கள். கோழி கிளறிய மாதிரி எழுத்து. சொல்ல எனக்கு வாய் இல்லை.

செப்டம்பர் 22, திங்கள்

ஜெர்லின் வந்துவிட்டாள்.

பதினொரு மணி இருக்கும். மெஸ் வாசலில் அவள் அப்பா வந்து நின்றார். அதே வெள்ளைச் சட்டை. கையில் எவர்சில்வர் டப்பா. பின்னால் ஜெர்லின்.

"நீங்கதானம்மா ஆவுடையம்மா? வார்டன் சொன்னாங்க. உங்க பேத்தின்னும் பாக்காம உண்மையைச் சொன்னீங்களாம். நீங்க இல்லேன்னா எம்புள்ள படிப்பு போயிருக்கும்." டப்பாவை நீட்டினார். "முந்திரிக்கொத்து. அவ அம்மா சுட்டது."

நான் ஜெர்லினைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள். வீட்டில் ஒரு மாதம் இருந்திருக்கிறாள். தன் பெயரை எடுத்துக் கொடுத்தது யார் என்று அப்பாவிடம் சொல்லவில்லை. வார்டனும் சொல்லவில்லை.

நான் வாயெடுத்தேன்.

"அப்பா, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றாள் ஜெர்லின்.

அவர் கும்பிட்டுவிட்டுப் போனார். டப்பா என் கையில் இருந்தது. ஜெர்லின் போகும்போது ஒரு தடவை என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை அதில். எதுவுமே இல்லை. நோட்டில் கையெழுத்துப் போடுகிறவர்கள் பார்க்கிற பார்வை.

செல்வி, "என்ன ஆச்சி, அப்படியே நின்னுட்டீங்க, டப்பாவத் திறங்க" என்றாள்.

நான் டப்பாவோடு வெளியே இறங்கினேன். மெஸ்ஸிலிருந்து வாசல், வாசலிலிருந்து ரோடு. எத்தனை கட்டத்தில் என் நொண்டல் தெரிந்திருக்குமோ தெரியாது. பஸ் ஸ்டாப்பில் அவர் மட்டும் நின்றார். பஸ் தூரத்தில் வந்துகொண்டிருந்தது.

"ஐயா, முதல்ல உங்க மகளைக் காட்டிக் குடுத்ததும் நான்தான். என் பேத்தின்னு தெரிஞ்சே உங்க மகளைச் சொன்னேன். அவ உங்கக்கிட்டச் சொல்லல."

அவர் என்னைப் பார்த்தார். புரியாதவர் மாதிரி முதலில். அப்புறம் புரிந்தது, முகத்தில் தெரிந்தது. அன்று உரித்த பிறகு பொட்டு வைக்காத என் வெறும் நெற்றியைப் பார்த்தார். என் கையிலிருந்த டப்பாவைப் பார்த்தார். அதில் கண் கொஞ்ச நேரம் நின்றது.

பஸ் வந்தது. ஏறிவிட்டார்.

டப்பாவைத் திருப்பிக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொடுத்துவிட்டு வந்திருப்பேன்.